கண்ணைக் கட்டிக் கேட்ட நாதஸ்வரம்

போலீஸ் வேன் தெருமுனையைத் தாண்டும் வரை வேடியப்பன் சாக்குப் பையைச் சைக்கிளிலிருந்து இறக்கவில்லை. கதவைப் பாதி திறந்து வைத்திருந்த கமலா, "சீக்கிரம் உள்ள வா தம்பி" என்று கிசுகிசுத்தாள்.

கூடத்தில் வைத்துப் பையைப் பிரித்தான். உள்ளே ஒயர் சுற்றிய ஒரு தகர டப்பா.

"இன்னாடா இது, குண்டா?" நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார் கமலாவின் கணவர் பொன்னுரங்கம்.

"ப்ரீ-ஆம்ப் சார். நானே மொதமொதல்ல செஞ்சது. ஒயரைப் பாத்தா போலீஸும் இப்டித்தான் கேப்பாங்கன்னு சாக்குல போட்டுக்கினு வந்தேன்."

இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலின் நான்காவது நாள் அது. சாலையெங்கும் மறியல்காரர்கள் வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் கிடந்தன. மூங்கில்துறைப்பட்டுக்கு ஒரு பஸ்ஸும் வரவில்லை. சர்க்கரை ஆலையில் கிளார்க்காக இருந்த பொன்னுரங்கம் நாலு நாளாக வீட்டிலேயே அடைந்து கிடந்தார்.

ஆனால் அவருடைய கவலை வேறு. ரெக்கார்ட் பிளேயரின் ஊசி எடுக்கும் சன்னமான ஒலியைத் தூக்கிக் கொடுக்க ஒரு ப்ரீ-ஆம்ப் வேண்டுமென்று மெட்ராஸ் கடையொன்றில் ஜப்பான் பெட்டி ஒன்றை எடுத்து வந்திருந்தார். விலை மூன்று மாதச் சம்பளம். பிடிக்காவிட்டால் பதினைந்து நாளில் திருப்பிவிடலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

வந்ததிலிருந்து அது பாட்டோடு சேர்ந்து 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருந்தது. சரிசெய்ய வரவேண்டிய மெட்ராஸ் ஆள், விழுப்புரத்தைத் தாண்ட முடியாமல் திரும்பிப் போய்விட்டான்.

அதனால்தான் கடைத்தெரு ரேடியோ மெக்கானிக் வேடியப்பனுக்குக் கமலா சொல்லி அனுப்பினாள். அவன் செய்த டப்பாவையும் கொண்டுவரச் சொன்னது அவளுடைய சொந்த யோசனை.

"பாத்துத் தொடுடா. ஜப்பான் சாமான்" என்றார் பொன்னுரங்கம்.

வேடியப்பன் அலமாரியிலிருந்த பெட்டியை நகர்த்தவில்லை, குனிந்து பார்க்கவும் இல்லை. கையைப் பின்பக்கம் விட்டு ஒரு திருகைத் தளர்த்தினான். ரெக்கார்ட் பிளேயரின் எர்த் ஒயரை அதில் மாட்டி இறுக்கினான். முனகல் நின்றது.

"அவ்ளோதான் சார்."

"நல்ல சாமான்டா, அதான் சட்டுனு சரியாயிடுச்சு" என்றார் அவர்.

கமலாவுக்குச் சுருக்கென்றது. "அவன் டப்பாவையும் போட்டுக் கேளுங்க. அது நல்லா இருந்தா இந்தப் பெட்டியைத் திருப்பிடலாம். மில்லு மனமகிழ் மன்றத்துக்கு ரெண்டு வாங்கணும்னீங்களே, அதையும் இவங்கிட்டயே சொல்லிடலாம்."

"கரியாலூர் மலையில பொறந்தவன் ஜப்பான்காரனோட போட்டி போடறதா?"

"வேணாங்க்கா" என்றான் வேடியப்பன் அவசரமாக. "சார் ஆசையா வாங்கினது."

"நீ சும்மா இரு தம்பி. இன்னாங்க, கண்ணைக் கட்டிக்கினு கேளுங்க. அப்ப தெரியும் உங்க காது லட்சணம்!"

பொன்னுரங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. தோள் துண்டை எடுத்துத் தானே கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

எதை முதலில் போடுவதென்று கமலா சைகை காட்ட, வேடியப்பன் ஒயர்களை மாற்றினான். நாதஸ்வரத் தட்டு சுழன்றது. ஒரு முறை பாடி முடிந்ததும், ஒயரை மற்றதுக்கு மாற்றி அதே இடத்திலிருந்து மறுபடியும் வைத்தார்கள்.

பொன்னுரங்கம் வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"மொதல்ல வந்தது தகரக் கூரையில மழை பேஞ்ச மாரி இருக்குது. ரெண்டாவது... யப்பா! நாயனக்காரர் மூச்சு வுடறது கேக்குது. தவில் தனியா நிக்குது. இதான் ஜப்பான்!"

துண்டை அவிழ்த்தார். கமலாவின் முகம் தொங்கிப்போயிருந்தது. அவர் சொன்னது சரிதான். இரண்டாவதாகப் பாடியது ஜப்பான் பெட்டி.

"என் காதுன்னா கொக்கா!" கூடத்தில் ஒரு சுற்று நடந்து வந்தார். "மனசுல வெச்சுக்காத வேடியப்பா. உன்னுது மோசம்னு சொல்லல, ஆனா அதுக்குள்ள ஜீவன் இல்ல. மன்றத்துக்கும் இதே ஜப்பான் பெட்டியா ரெண்டு சொல்லிடறேன். இப்பவே கடைக்கு லெட்டர் எழுதி வெக்கிறேன், ரோடு தொறந்ததும் போயிடும்."

"எழுதுங்க சார்" என்றான் வேடியப்பன். தலையை நிமிர்த்தாமலே தன் டப்பாவைச் சாக்கில் போட்டுக் கட்டினான்.

கமலாவுக்கு மனசு கேட்கவில்லை. நாமே கூப்பிட்டு, நாமே தலைகுனிய வைத்துவிட்டோமே என்று ஒரு சொம்பு மோரோடு வாசல் வரை வந்தாள். அவன் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

"வருத்தப்படாத தம்பி" என்றாள். "உனக்கு இன்னா வயசாயிடுச்சு? நீயும் ஒரு நாளைக்கு அந்தப் பெட்டி மாரியே செய்யத்தான் போற, பாரு."

வேடியப்பன் சொம்பைத் திருப்பிக் கொடுத்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். பொன்னுரங்கம் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"ஆடி மாசமே செஞ்சி மெட்ராஸுக்கு அனுப்பிட்டேங்க்கா. அதான் உள்ள பாடிக்கினு இருக்குது."