மூப்பரின் கைக்காக ஒரு ஜெபம்

வேலம்பாளையம் ஜெப வீட்டில் மூப்பர் பாக்கியநாதனின் கைக்காக எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்து முடித்தார்கள். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரான அவர், மெஷினில் கை சிக்கிக்கொண்டது என்று சொல்லியிருந்தார். கட்டுப் போட்ட கையோடுதான் காணிக்கைப் பையை ஏந்தி நின்றார்.

அடுத்து சாட்சி நேரம். அதுவரை ஆமென் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற சலோமி, விடுவிடுவென்று மைக்கிடம் வந்தாள். அதே கம்பெனியில் துணி செக்கிங் வேலைக்குப் போகிறவள்.

"பாஸ்டர், சாத்தானை எதிர்த்து நில்லு, கர்த்தர் பெலன் தருவாருன்னு போன வாரம் சொன்னீங்க. வியாழக்கிழமை நான் துணி குடோனுல தனியா இருந்தப்ப, அவன் உள்ள வந்து கதவைச் சாத்துனான்."

"ஸ்தோத்திரம்," என்றது சபை.

"கத்தறதுக்குள்ள வாயைப் பொத்திட்டான். இயேசுவேன்னு மனசுக்குள்ள கூப்பிட்டேன். எங்கிருந்துதான் அந்த பெலன் வந்துச்சோ, ஓடியே போயிட்டான் பாஸ்டர்."

பாஸ்டருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "எப்படி ஓடுனான்னு சபைக்குச் சொல்லும்மா."

"பொத்துன கையைக் கடிச்சேனுங்க. எலும்பு தட்டுற வரைக்கும் விடலை," என்றாள் சலோமி. "இப்ப எல்லாரும் சேர்ந்து ஜெபம் பண்ணுனீங்களே, அந்தக் கைதானுங்க."