கயிற்றின் கடைசி ஆள்

உடப்புக் கடற்கரையில் காலை வெயில் ஈரமணலில் வழுக்குகிறது. குழுவாக ஒத்துழைப்பது எப்படி என்பதைப் பத்தாம் வகுப்புக்குக் கயிறிழுப்பில் காட்ட வந்திருக்கிறார் சுதர்சனா ரீச்சர். வெல்லவிருந்த அணி இப்போது மணலில் குப்புறக் கிடக்கிறது. கடைசியில் நின்று இழுத்த நிதுர்ஷன், பழக்கதோஷத்தில், கயிற்றைக் கைவிட்டு முன்னுக்கு ஓடிவிட்டான். கரைவலையில் அப்படித்தானே, மக்காள்; இழுத்து இழுத்துப் பின்னால் போனவர் கயிற்றை விட்டு, அலையடிக்கு ஓடிவந்து மறுபடி பிடிப்பார். தகப்பனோடு வலை இழுக்கிற பிள்ளை, வேறென்ன செய்வான்? "அடுத்த முறைக்கு ஒராளை மாத்தலாம். நீங்களே கதைச்சு முடிவெடுங்கோ," என்று ரீச்சர் தள்ளி நிற்கிறார். நிதுர்ஷன் ஒருவரையும் பார்க்காமல் உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துத் துடைத்து நிற்கிறான். அணித்தலைவன் கஜதீபன் வாய்க்குள் போன மணலைத் துப்புகிறான். "மச்சான், வலையை இழுத்திட்டாய். மீனெங்கயடா?" எல்லாரும் சிரிக்கிறார்கள். நிதுர்ஷன் தலையைக் குனிந்தபடி விலகி நடக்கிறான். "டேய், எங்க போறாய்? நில்லு." கஜதீபன் ஓடிவந்து, கயிற்று நுனியை அவன் இடுப்பில் சுற்றி, சட்டை கசங்க இறுக்கி முடிகிறான். "இப்ப விட்டிட்டு ஓடு பாப்பம்!" நிதுர்ஷன் சிரித்துக்கொண்டே குதிக்காலை மணலில் புதைக்கிறான்.