வெங்காயம் நட்ட தளபதி

“வெங்காயம் நடுறதைப் பாக்கத்தான் நாப்பது வருஷமா காத்துக்கிட்டு இருந்தோமா?”

ஓஸ்வால்தோ எழுந்து நின்று கேட்டதும் அரங்கில் பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பேர் “உக்காருய்யா!” என்று கத்தினார்கள்.

ஞாயிறு மதியம் படம், முடிந்ததும் விவாதம். இத்தாலியின் ரொவீகோ ஊரில் அந்தப் பங்குக் கோவில் அரங்கின் வழக்கம் அது. ஆனால் ‘ஏழு நிலவுகள்’ வரிசையின் புதிய பாகத்துக்கு நடந்தது விவாதம் இல்லை, குடுமிப்பிடிச் சண்டை. பழைய பாகங்களில் விண்கப்பலில் பறந்து பறந்து எதிரிகளைப் பந்தாடிய தளபதி செல்மார், இதில் எதிரியின் மகளிடமே கப்பலை ஒப்படைத்துவிட்டு, ஆளில்லாத ஒரு நிலவில் வெங்காயம் நட உட்கார்ந்துவிட்டான். அத்தோடு படமும் முடிந்துவிட்டது.

ஓஸ்வால்தோவுக்கு முன் வரிசையிலிருந்து நெரீனா எழுந்தாள்.

“ஏன் பஸ்காரரே, நீங்க மட்டும் ரிட்டயர் ஆகலாம், செல்மார் ஆகக் கூடாதா?”

அரங்கே சிரித்தது. ஓஸ்வால்தோ முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டியவர்.

“நான் ரிட்டயர் ஆனப்ப பஸ் சாவியை எதிரி கையில குடுத்துட்டு வரல, மருந்துக்கடைக்காரம்மா!”

“போதும் இந்தப் போர்னு ஒருத்தன் ஆயுதத்தைப் போட்டுட்டு மண்ணைத் தொடுறான். அதுல இருக்கிற அழகு உங்க கண்ணுக்குத் தெரியலையா?”

“அழகா? மருந்துச் சீட்டை வாசிக்கிற மாதிரி ஒப்பிக்கிறீங்களே!”

நெரீனாவின் முகம் சிவந்துவிட்டது. பாதிரியார் தோன் ஈவோ இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நடுவில் வந்தார்.

“போதும், போதும்! மிச்சக் கோபத்தைச் சீட்டுல காட்டுங்க!”

டிக்கெட்டின் அடியில் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள் அச்சிட்டிருக்கும். படத்துக்கு எத்தனை மதிப்பெண்ணோ அந்த எண்ணில் கிழித்து, வாசலில் இருக்கும் பிஸ்கட் டின்னில் போட வேண்டும். கூட்டம் போனதும் பாதிரியாரும் நெரீனாவும் உட்கார்ந்து எண்ணுவார்கள்.

எண்ணும்போது நெரீனாவின் கண் ஜன்னலிலேயே இருந்தது. வெளியே பனிமூட்டத்தில் ஓஸ்வால்தோ மப்ளரை இறுக்கிக்கொண்டு நின்றார். சண்டையில் மிச்சம் இருந்ததே, அதற்காக.

அவர் வீடு ரயில் நிலையத்துப் பக்கம். அவள் வீடு வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம். ஆனாலும் சண்டை தீராத ஞாயிறுகளில் பேசிக்கொண்டே அவள் வாசல்வரை வந்துவிடுவார். ஒரே ஒரு தடவை, ஈஸ்டருக்கு முன்னால், ஒரு படம் இருவருக்குமே பிடித்துத் தொலைத்தது. “நல்ல படம்” என்றார் அவர். “ஆமா, நல்ல படம்” என்றாள் இவள். அவ்வளவுதான், தொப்பியைத் தொட்டுவிட்டுத் தன் வழியே போய்விட்டார். கணவர் இறந்து ஏழு வருடமாகத் தனியாக இருப்பவளுக்கு, அன்று பூட்டில் சாவி திரும்பிய சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

இன்றோடு அரங்கை மூடுகிறார்கள். கூரை வேலை முடிந்து திறப்பதற்குள் வசந்தம் வந்துவிடும். இன்றைக்குச் சண்டை தீர்ந்துவிட்டால், என்ன சாக்கு வைத்து அவரைப் பார்ப்பது?

“என்ன ஊரும்மா இது! ஒண்ணு இல்லேன்னா அஞ்சு. நடுவுல ஒருத்தன் கிடையாது,” என்று அலுத்துக்கொண்டார் பாதிரியார்.

அடுத்த சீட்டை எடுத்தவள் அதில் அச்சிட்டிருந்த இருக்கை எண்ணைப் பார்த்தாள். நான்காம் வரிசை, பன்னிரண்டு. காலை நீட்ட வசதியான அந்த ஓரத்து இருக்கையை ஓஸ்வால்தோ இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

சீட்டு ஐந்தில் கிழிந்திருந்தது.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, ஐந்துதான். செல்மார் முதல் வெங்காயத்தை மண்ணில் வைத்தபோது பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டதே! ஜலதோஷம் என்றல்லவா நினைத்தாள்? அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ‘மடையா!’ என்று மனதுக்குள் ஆசை ஆசையாகத் திட்டினாள். பாதிரியார் கண்ணாடியைத் துடைக்கிற நேரம் பார்த்துச் சீட்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

“ரெண்டு சீட்டு குறையுதேம்மா.”

“யாராவது ஞாபகமா வீட்டுக்குக் கொண்டு போயிருப்பாங்க, ஃபாதர்.”

வெளியே வந்ததும் ஓஸ்வால்தோ பிடித்துக்கொண்டார்.

“அந்த வெங்காயத்துக்கு ஒரு முடிவு கட்டாம நான் வீட்டுக்குப் போறதா இல்லை!”

“இன்னிக்கே முடியிற சமாச்சாரமா அது? குளிர்காலம் பூரா பேச வேண்டியிருக்கு,” என்றாள் நெரீனா. “என் வீட்டு வாசலோட நின்னுடாம இன்னிக்கு மாடிக்கு வாங்களேன். காபி குடிச்சுக்கிட்டே சண்டை போடலாம்.”

ஓஸ்வால்தோ நின்றுவிட்டார். காது மடல்வரை சிவந்துபோய் மப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார்.

“காபி குடுத்தா என் கருத்தை மாத்திக்குவேன்னு மட்டும் நினைக்காதீங்க!”

“ஐயோ, மாத்திடாதீங்க!” என்றாள் அவள் அவசரமாக.

இருவரும் பாலத்தை நோக்கி நடந்தார்கள். குளிருக்குக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டாள் நெரீனா. அங்கே அவருடைய ஐந்தோடு ஒட்டிக்கொண்டு, டின்னில் போடாமல் அவள் ஒளித்து வைத்திருந்த அவளுடைய சீட்டும் இருந்தது, ‘ஒன்று’ என்ற எண்ணில் கிழிந்து.