கப்பு வாங்கிய காளை

மூன்று கப்புகளையும் காளைக்கு முன்னால் வரிசையாக வைத்துவிட்டுத்தான் காளியண்ணன் வாயையே திறந்தான். அந்தப் பித்தளையைப் புளி போட்டுத் துலக்குவது மட்டும் பெண்டாட்டி வேலை.

"மூணு கண்காட்சி, மூணும் மொதப் பரிசு. கடைசிக் கப்பு 2003-ல வாங்குனது. இதுக்கு மேல ஒரு காளைக்கு என்னப்பா வேணும்?"

மாதேஸ்வரன் மலைமேல் வளப்பூர் நாட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் பசுவை நடத்தி, காளைக்குச் சேர்க்க அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி வந்திருந்தார். உழவு மாட்டில் ஒன்று செத்து ஏர் நின்றுபோயிருந்தது. வயதான பசு, இனி ஒரே ஒரு ஈத்துதான் கன்று போடும்.

"கன்னு எப்படி வருமுங்க?"

"கப்பப் பாத்துமா சந்தேகம்?" காளியண்ணன் பல்லைக் குத்தினான். "போன வருசக் கோடையில தண்ணியில்லாம என்ற மாடுகள உங்க மலையிலதான் மேய விட்டிருந்தேன். உங்க ஊர்க் காளையவும் பாத்தேன். கட்டுத்தறி இல்லாம காட்டுல திரியுது. வெள்ளாடுன்னு நெனச்சுட்டேன்."

மாதேஸ்வரன் சிரிக்கவில்லை.

"கண்காட்சிக்காரங்க கொம்பையும் திமிலையும் பாத்திருப்பாங்க. எனக்குக் கன்னப் பாக்கோணுங்க."

"பாத்துக்க. பிரபாவதி, அந்தக் காளங்கன்ன இழுத்துக்கிட்டு வா."

பிரபாவதி கன்றை இழுத்து வரவில்லை. கன்றுதான் அவளை இழுத்து வந்தது. அகன்ற நெஞ்சு. தரையில் அடித்து இறக்கிய மாதிரி நான்கு கால்கள்.

மாதேஸ்வரன் அதன் முதுகைத் தடவிப் பார்த்தார். மலை இறங்கிய களைப்பே முகத்திலிருந்து போய்விட்டது.

"இது போதுமுங்க. இப்படி ஒண்ணு பொறந்தா என்ற காடு பொழச்சுக்கும்."

"பொறக்கும். கப்பு வாங்குன ரத்தமாக்கும்." காளியண்ணன் காளையை அவிழ்க்கக் குனிந்தான். "மலையில கெடக்கறவனுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது."

பிரபாவதி கன்றின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கணவனைப் பார்த்தாள். சாணியைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. பிறகு வாயில்லாமல் நின்ற அந்தக் கிழட்டுப் பசுவைப் பார்த்தாள்.

"மாட்ட மலைக்கே திருப்பி ஓட்டுங்கண்ணா," என்றாள். "இது உங்க ஊர்க் காளைக்குப் பொறந்த கன்னு."