காதுக்குள் கமலினி

குடியை விடுவதற்காக மருதப்பன் காதில் மாட்டிக்கொண்ட செயற்கை நுண்ணறிவு ஆலோசகர் கருவி, அவன் கேட்டபடி மனைவி கமலினியின் குரலிலேயே நாள் முழுதும் கண்டித்தது. குடி நின்றது. ஆனால், நிஜக் கமலினி ஆசையாக "என்னங்க" என்றாலும், "சத்தியமாத் தொடலடி" என்று வாயை ஊதிக் காட்டினான்.

ஒருநாள் அவள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்.

"அதுக்கு வேற குரல் மாத்துங்க."

"மறுபடி விழுந்துட்டேன்னா?"

"விழமாட்டீங்க. விழுந்தா தூக்கிவிட நான் இருக்கேன். இப்ப எனக்கு என் புருஷன் வேணும்."

"அப்ப யார் குரல் வைக்கிறது?"

"எங்கப்பா குரலை வைங்க. மரியாதையாத் திட்டுவார்."

சிரித்துக்கொண்டே மாற்றினான். கமலினி நெருங்கி உட்கார்ந்து அவன் தோளில் சாய்ந்தாள்.

"மாப்ளே..." என்று காதுக்குள் மாமனார் தொடங்கியதும், மருதப்பன் பதறிப்போய்க் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.