பெரிய கேமரா

கல்யாண ஆல்பத்தைக் கடைசிப் பக்கம்வரை புரட்டிய பெண்ணின் அப்பா, ஸ்டுடியோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பார்த்தீங்களா! முதல்ல சோப்பு டப்பா மாதிரி ஒண்ணைக் காட்டி, சென்சார் சின்னதா இருந்தாலும் படம் நல்லா வரும்னீங்க. ஃபுல் ஃப்ரேம், பெரிய கேமராதான் வேணும்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன். அதனாலதான் இப்படி வந்திருக்கு."

"உண்மைதான் சார்," என்றார் போட்டோகிராபர்.

"நீங்க அதைத் தூக்கிட்டு மேடையில ஏறினதுமே சபை கப்சிப். என் பொண்ணு கண்ணைத் துடைச்சுக்கிற இந்தப் படம் சின்ன கேமராவுல வருமா?"

"எங்க சார் வரும்?"

"உங்க சம்சாரம் அந்தச் சோப்பு டப்பாவோட மண்டபம் பூரா சுத்தினாங்களே, அந்தப் படம் எதையும் இதுல சேர்த்துடலையே?"

"சேர்ப்பேனா சார்? அது சும்மா அவ ஆசைக்கு."

"சின்னவ கல்யாணத்துக்கும் நீங்கதான். ஆனா பெரிய கேமரா ரெண்டு வேணும். சம்பந்தி வீடு அசந்து போகணும்."

அவர் படியிறங்கியதும், உள்ளறையில் சின்ன கேமராவின் பேட்டரியைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டுக்கு எங்கே போவீங்க?"

"ரிப்பேர் கடைக்குப் போன் போடு. நம்மளுது மாதிரியே உயிர் போன பெரிய கேமரா இன்னொண்ணு கிடந்தா, தூக்கிப் போட்டுட வேண்டாம்னு சொல்லு."