சிவப்பு நீச்சல் உடை

பாதிரியார் அன்செல்மோ நாற்காலியில் சரியாக உட்கார்வதற்குள் எர்னான் அதை மேசைமேல் விரித்துப் போட்டான். சிவப்பு நிற நீச்சல் உடை. ஈரம் இன்னும் காயவில்லை.

"பாருங்க ஃபாதர். இது என் பொண்டாட்டியோடது இல்ல, என் பொண்ணோடதும் இல்ல. எங்கம்மாவோடது."

பாதிரியார் சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கண்கள் சிவந்து கிடந்தன. பாவம், நம் குடும்பத்துக்காக விடிய விடிய ஜெபம் செய்திருக்கிறார் என்று எர்னானுக்கு மனம் நெகிழ்ந்தது.

அம்மா தெல்ஃபினா சூடான சாக்லேட்டும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். கறுப்புப் பாவாடை, கறுப்புச் சால்வை. கணவர் போனதிலிருந்து அவளுக்கு அதுதான் உடுப்பு. மேசைமேல் கிடந்ததை எடுத்து மடித்து, உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொடியில காஞ்சிட்டிருந்ததை எதுக்குடா எடுத்தே? நாளைக்குக் காலையில எனக்கு வேணும்."

"கேட்டீங்களா ஃபாதர்? வயசு அறுபத்திரண்டு. இந்த அம்பாத்தோ மலையூரை விட்டு இறங்கினதில்ல, கடலைக் கண்ணால பார்த்ததில்ல. நகராட்சி நீச்சல் குளத்துல பெரியவங்க வகுப்புல சேர்ந்திருக்காங்க. அந்தக் கும்பல் மொத்தமும் அடுத்த மாசம் கலாபகோஸ் தீவுக்குக் கிளம்புது. இவங்க அங்க போய்க் கடற்சிங்கத்தோட நீந்தப் போறாங்களாம்."

"ஆமையையும் பார்ப்பேன்" என்றாள் தெல்ஃபினா.

"அங்க இருக்கிற ஆமைங்களே உன்னைவிடக் கிழடும்மா. அதுல என்ன பார்க்கப் போறே?"

"அப்ப அங்க நான்தான் சின்னப் பொண்ணு. நல்லதாப் போச்சு."

பாதிரியாருக்குச் சாக்லேட் புரை ஏறியது. எர்னான் அவர் முதுகைத் தடவிவிட்டான்.

"அப்பா போய் ரெண்டு வருஷம்கூட ஆகல. ஊர் என்ன சொல்லும்?"

"அவர் இருக்கும்போதே கேட்டேன். கடல்ல உப்பைத் தவிர என்ன இருக்குன்னாரு. காலம் பூரா அவர் பட்டறையில குனிஞ்சு செருப்பு தச்சாச்சு. உப்பு மட்டும்தானா, வேற ஏதாவது இருக்கான்னு நானே போய்ப் பார்த்துக்கறேன்."

எர்னான் நாற்காலியைப் பாதிரியார் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

"இன்னொண்ணு இருக்கு ஃபாதர். சொல்லவே நாக்கு கூசுது. அம்மா அங்க தினமும் ஒரு ஆம்பளை கையைப் பிடிச்சு மிதக்கச் சொல்லித் தர்றாங்களாம். குளத்துக் காவல்காரன் பார்த்திருக்கான். தொப்பியும் கண்ணாடியும் போட்டிருக்கிறதால மூஞ்சி தெரியலையாம். அந்தாளும் தீவுக்கு வர்றானாம். சந்தையில என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க."

அம்மாவின் பக்கம் திரும்பினான். "யாரும்மா அவன்? ஃபாதர் முன்னாடி இப்பவே சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"அது அவர் சொல்ல வேண்டியது." ரொட்டித் தட்டைப் பாதிரியார் பக்கம் நகர்த்தி வைத்தாள். "தைரியம் வந்தா சொல்லட்டும். வராட்டி கரையிலயே உட்கார்ந்திருக்கட்டும். யார் வந்தாலும் வராட்டியும் நான் போறேன்."

"எப்படிப் போவே?" எர்னான் சட்டைப் பையிலிருந்து அவளுடைய அடையாள அட்டையை எடுத்து ஆட்டினான். "இது இல்லாம உன்னை விமானத்துல ஏத்திக்குவாங்களா?"

தெல்ஃபினா அதை வாங்கக் கை நீட்டவில்லை.

"நீயே வெச்சுக்கோ. வரிசையில நின்னு புதுசு வாங்கிக்கறேன். அதையும் பிடுங்கினே, துறைமுகம் வரைக்கும் பஸ்ல போய்ச் சரக்குக் கப்பல்ல இடம் கேப்பேன்." குரல் உயரவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஆணி அறைந்ததுபோல் இறங்கியது. "பட்டறை வேண்டாம்னு நீ அப்பாகிட்டச் சண்டை போட்டுக் தலைநகரம் குயித்தோவுக்குக் கிளம்பினியே, ஞாபகம் இருக்கா? அவர் கதவை மறிச்சிட்டு நின்னாரு. அவரைத் தள்ளி நிக்கச் சொன்னது யாரு? உன் பையில சாப்பாடு கட்டி வெச்சது யாரு? உன் அட்டையை நான் ஒளிச்சு வெச்சேனாடா?"

அது அத்தனையும் உண்மை. உண்மை என்பதாலேயே எர்னானுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"நீங்களே சொல்லுங்க ஃபாதர். என் பேச்சைத்தான் மதிக்க மாட்டேங்கறாங்க. நீங்க சொன்னா மறுபேச்சு பேச மாட்டாங்க."

பாதிரியார் கோப்பையைக் கீழே வைத்தார். நீண்ட நேரம் தெல்ஃபினாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்வையைத் தாழ்த்தவில்லை. பிறகு எர்னானிடம் கையை நீட்டினார்.

"அட்டையை என்கிட்ட கொடுப்பா."

எர்னானுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. இனி அது தேவாலயத்து இரும்புப் பெட்டியில் இருக்கும். அங்கே போய் யாரால் எடுக்க முடியும்? அட்டையை அவர் கையில் வைத்து, அந்தக் கைக்கு முத்தமும் கொடுத்தான்.

பாதிரியார் எழுந்தார். மேசையைச் சுற்றிப் போய் அட்டையைத் தெல்ஃபினாவின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

பிறகு, பாவமன்னிப்புக் கேட்டு வந்து நிற்பவரைப்போல எர்னான் முன்னால் தலைகுனிந்து நின்றார்.

"உங்கம்மா கையை விட்டா நான் இன்னும் முழுகிடறேன், எர்னான்."